நண்டுத்திட்டுக்குப் போன படகு

ஜமீலாவிடம் மாசிலாமணி பாடம் கேட்கச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஜமீலாவுக்கு முப்பத்துமூன்று.

மாசிலாமணி இருபத்தெட்டு வருஷம் சர்வேயராக வரப்பு வரப்பாகச் சங்கிலி இழுத்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன பிறகு, ஆட்சியர் அலுவலகத்தில் கணினி வரைபடப் பிரிவுக்கு மாற்றிப் போட்டார்கள். அந்தப் பிரிவில் இருந்தது ஜமீலா மட்டும்தான். அலுவலகத்தில் மற்றவர்கள் மாசிலாமணியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜமீலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கண்ணே" என்றார்.

மூன்று மாதம் ஓடியது. கேட்ட கேள்விக்கு ஜமீலா நேராகப் பதில் சொன்னதே கிடையாது. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். இல்லாவிட்டால் சும்மா இருப்பார். முதலில் மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு மேலணையைத் திறந்துவிட்டார்கள்.

பூவலாறு கடலில் போய்ச் சேரும் இடத்தில் இருபத்துநான்கு ஊர்கள். தண்ணீர் அங்கே வர மாலை நாலரை ஆகும் என்றார்கள். நடக்க முடிந்தவர்கள் முதல் நாளே முகாமுக்குப் போய்விட்டார்கள். நடக்க முடியாதவர்கள்தான் பாக்கி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று நாலு நாள் ஆனவர்கள். செவிலியர்கள் வீடு வீடாகப் போய் அவர்கள் இருக்கும் இடத்தைக் கைபேசியில் குறித்து அனுப்பியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிகளைப் பெரிய திரையில் பார்த்துத்தான் பதினெட்டுப் படகுகளையும் பிரித்து அனுப்புவதாக ஏற்பாடு.

பதினொன்றேகால் மணி. கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஆறு தெரிந்தது. சாலைகள் தெரிந்தன. முகாம்கள் பச்சைக் கட்டங்களாகத் தெரிந்தன.

சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

மாசிலாமணி பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தார். வரவில்லை. புள்ளிகள் உள்ள லேயரை, படத்தின் மேல் விரியும் அந்த அடுக்கை, அணைத்துப் போட்டார். வரவில்லை. சிவப்பை நீலமாக்கினார். புள்ளியின் அளவை இரண்டு மடங்காக்கினார். லேயரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது.

பின்னால் மீன்வளத் துறை ஆய்வாளர் அந்தோணிராஜ் கையில் வாக்கி டாக்கியோடு நின்றார். படகுகள் அவர் பொறுப்பில் இருந்தன.

"என்ன சார், படம் வருமா வராதா? பதினெட்டுப் படகும் எஞ்சின ஓட்டிக்கிட்டு நிக்குது."

"ரெண்டு நிமிஷம்."

"இதையே இருவது நிமிஷமா சொல்றீங்க."

ஜமீலா பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தார். "அண்ணே, மவுஸ விடுங்க."

விட்டார்.

"இதுவரைக்கும் என்னென்ன மாத்துனீங்க?"

மாசிலாமணி யோசித்தார். நிறம். அளவு. லேயர். வேறு ஏதோ ஒன்று. சரியாக நினைவில்லை.

"தெரியல மேடம்."

"அப்போ கோளாறு ஒண்ணா இருந்தது இப்ப அஞ்சாயிருக்கும். எல்லாத்தையும் பழையபடி வைங்க."

வைத்தார். அதற்கே நாலு நிமிஷம் ஆனது. அந்தோணிராஜ் செருப்புக் காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வயக்காட்டுக்குத் தண்ணி வரலைன்னா எங்க போய்ப் பாப்பீங்க?"

"மடையில."

"மடை தெறந்திருக்கு. அப்புறம்?"

"வாய்க்கால்ல வருதான்னு பாப்பேன்."

"பாருங்க."

பிரவுசரின் ஓரத்தில் ஒரு சன்னலைத் திறந்து காட்டினார் ஜமீலா. சர்வரிடம் என்ன கேட்கப்பட்டது, என்ன திரும்பி வந்தது என்று வரிவரியாகக் காட்டும் சன்னல். மாசிலாமணி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தார். புள்ளிகளைக் கேட்ட வரி இருந்தது. அதன் எதிரில் பச்சையாக ஓர் எண், கேட்டது கிடைத்தது என்று பொருள். திறந்து பார்த்தார். உள்ளே எண்கள் நிறைந்து கிடந்தன.

"வந்திருக்கு மேடம்!"

"வந்திருக்கு. ஆனா இங்க இல்ல. அப்போ?"

"வேற எங்கயோ இருக்கு."

மாசிலாமணி மவுஸின் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினார். மாவட்டம் சுருங்கியது. தமிழ்நாடு சுருங்கியது. இந்தியா ஒரு கை அகலம் ஆனது. இன்னும் உருட்டினார். உலகம் முழுதும் திரைக்குள் வந்தபோது, உச்சியில், வடதுருவத்துக்குப் பக்கத்துப் பனிக்கடலில், சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது.

பூவலாற்றுக் கரையின் கர்ப்பிணிகளும் படுக்கையாளர்களும் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

அந்தோணிராஜ் ஒரு சிரிப்புச் சிரித்தார். மாசிலாமணி சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வேயர் அவர். புள்ளிகளின் எண்களைப் பார்த்ததுமே பிடிபட்டுவிட்டது. செவிலியர்களின் கைபேசி அட்சரேகையை முதலில் எழுதியிருந்தது. வரைபடமோ தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது. அட்சரேகை பத்தும் தீர்க்கரேகை எழுபத்தொன்பதும் இடம் மாறிப்போயின. தஞ்சைப் பக்கத்து மண் துருவத்துக்குப் போய்விட்டது.

இரண்டு எண் வரிசைகளையும் இடம் மாற்றினார். சேமித்தார்.

திரையில் சிவப்பு பூத்தது. ஆற்றின் இரு கரையிலும் ஊர் ஊராக வந்து நின்றது. அறையில் யாரோ கைதட்டினார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

சத்தம் கேட்டு ஆட்சியர் உள்ளே வந்தார். திரைக்கு எதிரில் நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் வந்துடுச்சா?"

"எல்லாம் வந்துடுச்சு சார்" என்றார் மாசிலாமணி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"வடக்குப் படுகையில ஒண்ணுமே இல்லையே?"

மாசிலாமணி திரையைப் பார்த்தார். ஆற்றை விட்டு வடக்கே ஒதுங்கிய அந்தத் தாழ்நிலத்தில் ஐந்து ஊர்கள். புள்ளி இல்லை.

"அங்கெல்லாம் முன்னாடியே காலி பண்ணியிருப்பாங்க சார்."

"நல்லதாப் போச்சு. அந்தோணிராஜ், வடக்குக்கு வச்சிருந்த ஆறு படகையும் தெற்க அனுப்பிடுங்க."

வாக்கி டாக்கி கரகரத்தது. ஆட்சியர் அடுத்த அறைக்குப் போனார்.

மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். ஒரு வாய் குடித்திருப்பார்.

"அண்ணே, மொத்தம் எத்தனை புள்ளி?" என்றார் ஜமீலா.

"எல்லாம் மேடம்."

"எல்லாம்ங்கறது எத்தனை?"

பாட்டிலை மூடி வைத்தார். லேயரின் எண்ணிக்கையைக் கேட்டுப் பார்த்தார். மூலையில் வந்தது: நூறு.

"நூறு மேடம்."

"நூத்தி ஒண்ணு இல்லையே? தொண்ணூத்தெட்டு இல்லையே?"

"இல்ல. சரியா நூறு."

"நீங்க அளந்த வயல்ல எதாவது சரியா ஒரு ஏக்கர் இருந்திருக்கா?"

மாசிலாமணி மூலையில் இருந்த எண்ணை மறுபடி பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு வயல்கூட இருந்ததில்லை. தொண்ணூற்றேழரை சென்ட் இருக்கும். ஒரு ஏக்கர் மூன்று சென்ட் இருக்கும். முழு எண் வந்தால் சங்கிலியை மடக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளப்பார். உதவியாள் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்துவிட்டான் என்று அர்த்தம்.

செவிலியர்களின் பட்டியலைத் திறந்து கடைசி வரிக்குப் போனார். நூற்று முப்பத்தேழு.

"சர்வர் ஒரு தடவைக்கு நூறுதான் குடுக்கும். மிச்சம் வேணும்னா மறுபடி கேக்கணும்" என்றார் ஜமீலா. "கேக்காத வரைக்கும் அது எதுவும் சொல்லாது."

நூற்றோராவது வரியிலிருந்து மாசிலாமணி படித்தார். வடக்குப் படுகை. வடக்குப் படுகை. வடக்குப் படுகை. அந்தச் செவிலியர்தான் கடைசியாக அனுப்பியிருந்தார். ரோடு அறுந்து கிடந்ததால் தாமதம். முப்பத்தேழு வீடுகளும் அங்கேதான்.

மணி பன்னிரண்டரை. படகுகள் தெற்கே கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"மேடம், நீங்க கலெக்டர்கிட்ட சொல்லிடுங்களேன்."

ஜமீலா அவரைப் பார்த்தார். "எல்லாம் வந்துடுச்சுன்னு யார் சொன்னது?"

மாசிலாமணி எழுந்தார். முழங்கால் வலித்தது. அடுத்த அறைக்குப் போக இருபது தப்படி இருக்கும். அந்த இருபது தப்படியில், லேயரை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் போய்ச் சொல்லலாமா என்று ஒருமுறை நினைத்தார். சரிசெய்ய ஐந்து நிமிஷம்தான் ஆகும். புதிதாய் வந்ததாகச் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் படகுகள் தெற்கே போய்க்கொண்டிருக்கும்.

கதவைத் தள்ளினார். ஆட்சியரோடு எட்டுப் பேர் இருந்தார்கள்.

"சார், அந்தப் படம் தப்பு."

ஆட்சியர் பேச்சை நிறுத்தித் திரும்பினார்.

"எது தப்பு?"

"எல்லாம் வந்துடுச்சுன்னு சொன்னேன். வரல சார். முப்பத்தேழு வீடு வரல. அத்தனையும் வடக்குப் படுகை."

"காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"தெரியாம சொன்னேன் சார்."

ஆட்சியர் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். பிறகு மாசிலாமணியை விட்டுவிட்டு, அவர் பின்னாலேயே வந்திருந்த அந்தோணிராஜின் பக்கம் திரும்பினார்.

"ஆறையும் திருப்புங்க."

"சார், பாதி தூரம் போயிட்டாங்க—"

"திருப்புங்க!"

மாசிலாமணி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜமீலா விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். நூறு முடிந்ததும் அடுத்த நூறைக் கேள் என்று இரண்டு வரி எழுத வேண்டும். மூன்று மாதத்தில் கற்றது அதற்குப் போதும். எழுதினார். ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டி அழித்து மறுபடி எழுதினார்.

வடக்குப் படுகையில் புள்ளிகள் விழுந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணினார். முப்பத்தேழு. மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். நூற்று முப்பத்தேழு.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. 

இரண்டு மணிக்குள் வடக்குப் படுகையிலிருந்து முதல் மூன்று படகுகள் வந்துவிட்டன. பக்கவாதக்காரர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள் என்று வாக்கி டாக்கி சொன்னது. ஆட்களைக் கரையேற்றிய வீடுகளின் புள்ளிகளை மாசிலாமணி ஒவ்வொன்றாகப் பச்சையாக்கினார். திரையில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது.

இரண்டேகால் மணிக்கு அவர் கை நின்றது.

ஆற்றின் வாயில், கடலுக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு சின்ன நிலம். நண்டுத்திட்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன் இடுப்பளவு சேற்றில் நடந்துபோய் அளந்திருக்கிறார். இருபத்துமூன்று வீடுகள். அங்கே சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

எழுந்துபோக நினைத்து உட்கார்ந்தார். முதலில் தான் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். சர்வரிடம் கேட்டது வந்திருக்கிறது. எண்ணிக்கை சரி. இடம் சரி. வேறு லேயர் எதுவும் மேலே மூடியிருக்கவில்லை. உள்ளே நெருங்கிப் பார்த்தார், வெளியே வந்து பார்த்தார். பனிக்கடலுக்குக்கூடப் போய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"மேடம், எல்லாம் சரியா இருக்கு. நண்டுத்திட்டுல மட்டும் ஒண்ணும் இல்ல. நம்ம படத்துல கோளாறா, நெசமாவே அங்க யாரும் இல்லையா?"

ஜமீலா ஊர்வாரிப் பட்டியலைத் திறந்தார். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை வீடு என்று செவிலியர்கள் போட்ட எண்கள். ஏழு, பதினொன்று, நான்கு. மூன்று ஊர்களுக்கு எதிரில் பூஜ்யம் இருந்தது. நண்டுத்திட்டுக்கு எதிரில் கட்டம் காலியாக இருந்தது.

"இந்த மூணுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதுல பூஜ்யம் போட்டிருக்காங்க. அதுல எதுவும் போடல."

ஜமீலா போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

அந்தப் பகுதிச் செவிலியர் இந்திராணி முகாமில் இருந்தார். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம். மாசிலாமணி கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அம்மா, நண்டுத்திட்டு கட்டம் காலியா இருக்கே?"

"மூங்கில் பாலம் போயிடுச்சு சார். என்னால போக முடியல."

"அப்ப அங்க ஆள் இருக்காங்களா, இல்லையா?"

"அதான் சார் தெரியல. ரெண்டு நாளா யார் போனும் கெடைக்கல. போகாத ஊருக்கு நான் எப்படி சைபர் போடுவேன்?"

மாசிலாமணி போனை வைத்தார். திரையைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். இரண்டு இருபத்தைந்து.

அந்தோணிராஜிடம் போனார். "ஒரு படகு நண்டுத்திட்டுக்கு வேணும்."

"புள்ளி இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அங்க யாரும் போய்ப் பாக்கல."

"சார், பதினொண்ணாம் படகு மட்டும்தான் கையில இருக்கு. கொடிக்கால்மேட்டுக்குப் போகணும். அங்க புள்ளி இருக்கு. பிள்ளை பெத்து அஞ்சு நாளான பொண்ணு. நண்டுத்திட்டு போய்ப் பாக்கவே ஒரு மணி நேரம் ஆகும். புள்ளி இருக்கற எடத்த விட்டுட்டு இல்லாத எடத்துக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

சத்தம் கேட்டு ஆட்சியர் வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"கொடிக்கால்மேட்டுக்கு எப்ப தண்ணி வரும்?"

"நாலரை ஆகும் சார். மேட்டு நெலம். இன்னும் லேட்டாகக்கூட ஆகலாம்."

ஆட்சியர் மாசிலாமணியைப் பார்த்தார். "நண்டுத்திட்டுல ஆள் இருக்காங்களா?"

காலையில் என்றால் ஏதாவது சொல்லியிருப்பார்.

"தெரியல சார்."

"தெரியாமலே படகு கேக்கறீங்க?"

"தெரியாததாலதான் சார் கேக்கறேன்."

ஆட்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போயிட்டு வரட்டும். வந்ததும் நேரா கொடிக்கால்மேடு."

இரண்டரைக்குப் படகு கிளம்பியது.

மூன்று மணி வரை ஒன்றும் இல்லை. மூன்று பத்துக்கு மேற்கே எங்கோ கரை உடைந்துவிட்டது என்று செய்தி வந்தது. தண்ணீர் நாலரை மணிக்குக் காத்திருக்கவில்லை. மூன்றேகாலுக்குக் கொடிக்கால்மேட்டிலிருந்து போன் வந்தது. மாசிலாமணிதான் எடுத்தார்.

"சார், கொடிக்கால்மேட்டுலேர்ந்து பேசறேன். என் சம்சாரம் பிள்ளை பெத்திருக்கு சார். வாசல்ல தண்ணி வந்துடுச்சு. படகு வருதா?"

"வருது தம்பி."

"எவ்ளோ நேரத்துல?"

மாசிலாமணி மணியைப் பார்த்தார். "வந்துக்கிட்டே இருக்கு. மேல எங்கயாவது ஏறி நில்லுங்க."

"மாட்டுக்கொட்டா கூரதான் சார் இருக்கு. தகரம்."

"அதுல ஏறுங்க. பிள்ளைய நல்லா போத்திக்கங்க."

மூன்றரைக்கு அதே எண். அவர் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டார். போகவில்லை. மறுபடி கூப்பிட்டார். கொடிக்கால்மேட்டில் அந்த ஒற்றைப் புள்ளி சிவப்பாகவே இருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை, வேறெங்கும் பார்க்கவும் முடியவில்லை.

அந்தோணிராஜ் பதினொன்றாம் படகைக் கூப்பிட்டார், பதில் வரவில்லை; மற்ற படகுகள் எல்லாவற்றிலும் ஆள் ஏறியிருந்தது. மாசிலாமணியோடு அவர் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்று முப்பத்தைந்துக்கு வாக்கி டாக்கி இரைந்தது. பதினொன்றாம் படகு.

"நண்டுத்திட்டு பாத்தாச்சு. ஓவர்."

"எத்தனை பேரு?"

"யாருமில்ல சார். வீடு வீடா தட்டிப் பாத்துட்டோம். எல்லாம் பூட்டிக் கெடக்கு. சாமி படத்தக்கூட எடுத்துக்கிட்டு அவங்க படகுலயே போயிட்டாங்க போல. கரையில படகு ஒண்ணுமில்ல. ஒரு நாய்கூட இல்ல. ஓவர்."

அறையில் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அந்தோணிராஜ் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "கொடிக்கால்மேடு போ. ஓட்டு. முழு வேகத்துல ஓட்டு."

அதற்கப்புறம் இருபத்தைந்து நிமிஷம். மாசிலாமணி நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். அறையில் அவரைச் சுற்றி ஆட்கள் போனார்கள், வந்தார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஜமீலா தன் மேசையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் தலை திரும்பவில்லை.

நான்கு மணிக்குப் படகு போய்ச் சேர்ந்தது. பெண்ணும் குழந்தையும் தகரக் கூரையின் மேல் இருந்தார்கள். புருஷன் கீழே மார்பளவு தண்ணீரில் நின்று கூரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். தகரம் வெட்டி அவன் உள்ளங்கை கிழிந்திருந்தது. மூவரையும் ஏற்றியாயிற்று. குழந்தைக்கு ஒன்றுமில்லை, பாலுக்கு அழுகிறது என்று படகிலிருந்து சொன்னார்கள்.

மாசிலாமணி அந்தப் புள்ளியைப் பச்சையாக்கினார். நூற்று முப்பத்தேழும் பச்சையாயின.

ஆட்சியர் திரைக்கு எதிரில் வந்து நின்றார். எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொன்னார். போகும்போது மாசிலாமணியின் பக்கத்தில் நின்றார்.

"ஒரு மணி நேரம் போச்சு" என்றார்.

அந்தோணிராஜ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி, "நாய்கூட இல்லாத ஊரு" என்றார். பெரிய கோபம் அதில் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

ஐந்து மணி ஆயிற்று. அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். மாசிலாமணி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மறுநாளே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. தண்ணீரில் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றவனின் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

ஜமீலாவின் திரையில் ஊர்வாரிப் பட்டியல் திறந்திருந்தது. நண்டுத்திட்டுக்கு எதிரே இருந்த காலிக் கட்டத்தில் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. ஜமீலா எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

"நீங்களே போடுங்க."

மாசிலாமணி பையோடு உட்கார்ந்தார். பூஜ்யத்தைத் தட்டினார். பக்கத்தில் குறிப்புக்கென்று ஓர் இடம் இருந்தது. நேரம் மூன்று முப்பத்தைந்து, பார்த்தது பதினொன்றாம் படகு என்று எழுதினார். சேமித்தார். பிறகு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு பூஜ்யத்துக்காகவா மேடம் ஒரு படகு போச்சு?"

கணினியை அணைக்கக் கை நீட்டிய ஜமீலா நிறுத்தினார்.

"காலையில நம்மகிட்ட அதுகூட இல்லையேண்ணே."